நொய்

பலகையில் 'தாய் உணவகம்' என்றிருந்தது,
அரபியிலும் ஆங்கிலத்திலும்.
பசி அதைத் தமிழில் வாசித்துக்கொண்டது.

மனாமாவில், குதைபியாவின் பின்சந்து.
ஏசிகள் சொட்டிச் சொட்டி
நடைபாதையில் பாசி பிடித்திருந்தது.
ஆகஸ்டில் இரவு ஒன்பதுக்கும்
சட்டை முதுகை விடவில்லை.
கையில் எடைக்கற்கள் பெட்டி.
ஊர் ஊராகப் போய், தராசுகள்
பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு.
நேற்று முகரக்கில் மீன் அங்காடி,
நாளைக் காலை தங்கக் கடைத்தெரு.

ஆறு மேசை. ஒன்றில் மட்டும்
பிலிப்பினோ பையன்கள்
நூடுல்ஸை உறிஞ்சியபடி கூடைப்பந்து பார்த்தார்கள்.

மெனுவைக் கொடுத்தவள் முகத்தைப் பார்த்தாள்.
'மலபாரி?'
இல்லை, தமிழ், என்றேன்,
பதினோரு வருடமாக எல்லோரிடமும் சொல்வதுபோல.
அவள் வாசல் பக்கம் கட்டைவிரலைக் காட்டினாள்.
'நானும் தாய்லாந்து இல்லை. லாவோஸ்.
அப்படி எழுதினால் யார் வருவார்கள்?'
மெனுவைத் திரும்ப வாங்கி மூடிவிட்டு
உள்ளே போனாள்.

மூடி போட்ட மூங்கில் கூடை வந்தது.
உள்ளே சோறு, ஆவியோடு.
வழக்கம்போல் ஐந்து விரலையும் இறக்கிப் பிசைந்தேன்.
பிசைவதற்கு அது சம்மதிக்கவில்லை.
உள்ளங்கை, மணிக்கட்டு, கடிகாரப் பட்டை
எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு
என்னைத்தான் பிசைந்தது.
'மூன்று விரல்' என்றாள், போகிற போக்கில்.
கிள்ளி, உருட்டி, தொட்டு.

கொத்திய கோழியில் புதினாவும் எலுமிச்சையும்.
வறுத்து இடித்துத் தூவிய அரிசி
பல்லில் நறநறத்தது.
பிறகு பப்பாளிக்காய், உரலில் இடித்தது,
உப்பில் மாதக்கணக்காய் ஊறிய ஆற்றுமீன் சாற்றோடு.
வாடை முன்னால் வந்தது, தட்டு பின்னால்.
கேம்ப்பில் கருவாடு வறுத்ததற்காக
அறை மாற்றப்பட்டவன் நான்.
எனக்கே மூச்சு ஒரு நொடி நின்றது.
அப்புறம் மூக்கைக் கேட்காமல்
நாக்கு முடிவெடுத்துவிட்டது.
காரம் காதுவரை ஏறியது.
பையன்களில் ஒருவன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

பேர் கேட்டேன். நொய், என்றாள்.
அவள் மொழியில் 'சின்னது'.
உன் மொழியில்?
உடைந்த அரிசி.
கஞ்சிக்கு ஆகும், கோழிக்குஞ்சுக்கு ஆகும்.
எங்களுக்குப் பொதுவாயிருந்த நொறுங்கிய அரபியில்
இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்.
சமையலறையைப் பார்த்து அவள் ஏதோ கத்தினாள்.
உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெட்டியில் என்ன என்றாள். திறந்தேன்.
கையுறையில்லாமல் தொடக்கூடாது என்பது விதி.
'இதில் நொய் எது?'
ஓரத்திலிருந்த ஒரு கிராமைக் காட்டுவதற்குள்
ஐம்பதை எடுத்துவிட்டாள்.
விளக்கடியில் பிடித்து
அதில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டாள்.

காசு வைத்துவிட்டு எழுந்தேன்.
'கூடையை மூடு.' இப்போது சிரிக்கவில்லை.
'திறந்துபோட்டால் வீட்டில் பிரிவு வரும்.'
மூடினேன். சரியாகப் பொருந்தியதா என்று
இன்னொருமுறை அழுத்தினேன்.

தெருமுனையில் நின்று பூங்கொடிக்கு அடித்தேன்.
பன்னிரண்டு நாளாகப் பேசாத எண்.
காயல்பட்டினத்தில் அப்போது மணி ஒன்று.
எடுக்கமாட்டாள் என்று தெரிந்த நேரமாகப் பார்த்துத்தான்
அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில், தங்கக்கடைத் தராசில்
ஐம்பது கிராம் கல்லை வைத்தால்
ஐம்பது புள்ளி பூஜ்யம் இரண்டு.
மூல்சந்துக்கு முகம் வெளிறியது.
'என் அப்பா காலத்திலிருந்து ஒரு குண்டுமணி பிசகியதில்லை!'
இடுக்கியால் கல்லைத் தூக்கித் திருப்பினேன்.
அடியில், காய்ந்து, கண்ணாடிச் சில்போல
ஒரு பருக்கை.

சுரண்டித் துடைத்து மறுபடி வைத்தேன்.
தராசின்மேல் குற்றமில்லை.
சான்றிதழில் 'பிழை' என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு சுழி போட்டேன்.
பருக்கை மட்டும் நகக்கண்ணிலேயே இருந்தது,
கையெழுத்துப் போடும்போதும்.